மண்ணில் எழும் மின்மலை

மலைநாட்டு நீர்வளத்தினின்று மின்சாரம் பெறலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். 1950இல் லக்ஷபான மின்நிலையம் அதனை மெய்ப்பித்தது. இன்று வட்டகொடை, தலவாக்கலைப் பகுதித் தேயிலை மலைகளெங்கும் மின்கம்பிகள் செல்கின்றன. பெருங்காற்றில் ஒரு கம்பி அறுந்து கொழுந்து மலையில் வீழ்ந்தால் யாது செய்வது? கம்பியைத் தொடாதவரை தீங்கில்லை என்றே பலரும் எண்ணுவர். அவ்வெண்ணம் உயிருக்கே உலை வைக்கும்.

அறுந்த கம்பி நிலத்தைத் தொட்டாலும், பழுதுபட்ட இயந்திரத்தின் மின்சாரம் எர்த் கம்பி வழியே இறங்கினாலும், அது மண்ணுள் நாற்புறமும் பரவுகிறது. தொடுமிடத்தின் அருகே அதற்குக் கிட்டும் வழி குறுகியது. ஆதலின் தடை மிகுதி. விலக விலக வழி அகன்று தடை குறைகிறது. எனவே மின்னழுத்தம் ஒரு மலையின் வடிவங்கொள்கிறது: உச்சியருகே செங்குத்து, அடிவாரத்திலே சமவெளி.

ஒரு கணக்கைக் காண்போம். 100 ஓம்-மீற்றர் தடைத்திறனுள்ள மண்ணில் 10 அம்பியர் மின்சாரம் இறங்குவதாகக் கொள்வோம். அவ்விடத்தினின்று 1 மீற்றர் தூரத்தில் மின்னழுத்தம் ஏறக்குறைய 159 வோல்ற்று. 2 மீற்றரில் 80 வோல்ற்று. அவ்விரு இடங்களிலும் காலூன்றியவரின் கால்களுக்கிடையே 79 வோல்ற்று வேற்றுமை உண்டாகிறது! 10 மீற்றருக்கு அப்பால் அதே எட்டு வைத்தால் வேற்றுமை ஒன்றரை வோல்ற்றுக்கும் குறைவே. பாறை மிகுந்த மண்ணில் அதே மின்சாரம் இறங்கினால் இவ்வளவுகள் பன்மடங்காகும்.

உடலைத் தாக்குவது இவ்வேற்றுமையே. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி மிகுந்த மாடுகள் மனிதரினும் எளிதில் மாள்வதும் இதனாலேயே. மழையில் நனைந்த வெறுங்கால்கள் மின்சாரத்திற்கு வழியை மேலும் எளிதாக்கும்.

ஆகவே, வீழ்ந்த கம்பியைக் கண்டால் குறைந்தது 10 மீற்றர் விலகி நிற்றல் வேண்டும். உயரழுத்தக் கம்பியாயின் இன்னும் அப்பால். அருகே அகப்பட்டவர் ஓடலாகாது. இரு பாதங்களையும் ஒட்டியவாறே, நிலத்தினின்று தூக்காமல், சிறிது சிறிதாக நகர்த்தி விலகவேண்டும். ஒருவர் வீழ்ந்து கிடப்பினும், மின்சாரம் துண்டிக்கப்பட்டதென்று உறுதியாகுமுன் பாய்ந்து செல்லலாகாது. தோட்ட அலுவலகத்திற்கும் மின்சாரம் வழங்கும் நிறுவனத்திற்கும் உடனே அறிவிப்பதே அவரைக் காக்கும் வழி. இதனை இன்றே நம் இல்லத்துச் சிறார்க்கும் கூறிவைப்போமாக.