வாளுக்கு முன்னே கணக்கு

ஒருமுறை அறுத்த மரத்தை மறுபடி ஒட்டவைத்து வேறு பக்கமாக அறுத்துப் பார்க்க எவராலும் ஆகாது என்பதே மர அறுவை மில்லின் ஆதிச் சங்கடம். பட்டையின் மேடுபள்ளத்தையும் கிளை முறிந்த வடுக்களையும் பார்த்து, உள்ளே கணு எங்கே ஓடுகிறது என்று யூகித்து வாளை வைக்கும் மிஸ்திரியின் அனுபவம் எத்தனை முதிர்ந்ததானாலும், அந்த யூகத்தின் யோக்யதை பலகை விழுந்த பிறகே தெரிகிறது.

அமெரிக்காவில் மாடிஸன் நகரத்து அரசாங்க வனப்பொருள் ஆராய்ச்சிச் சாலையைச் சேர்ந்த ஹாலக், லூயிஸ் என்ற இருவர், சிறிய தடிகளில் முதல் அறுப்பு கொஞ்சம் தள்ளி விழுந்தாலும் கிடைக்கும் சட்டங்களின் அளவு கணிசமாக மாறும் என்பதை 1971-ல் கம்ப்யூட்டர் கணக்கால் நிரூபித்தார்கள். ஆனால் அந்தக் கணக்கு அறிந்தது தடியின் புற உருவத்தை மட்டுமே. அதே ஆண்டில் லண்டனில் ஹௌன்ஸ்ஃபீல்ட் என்பவரின் சி.டி. ஸ்கேன் யந்திரம் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையை உள்ளபடி படம் பிடித்தது தற்செயல்தான். எனினும் பிற்காலத்தில் இவ்விரு வித்தைகளும் ஒரே மரத்தடியின்மேல் சந்தித்தன.

ஸ்வீடனில் லூலியோ சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்கள் சுமார் 200 ஸ்காட்ஸ் பைன் மரங்களின் தடிகளை சி.டி. ஸ்கேனில் செலுத்தி, ஒவ்வொரு கணுவின் சாய்வு என்ன, உயிர்க்கணு எங்கே முடிந்து செத்த கணு எங்கே தொடங்குகிறது என்பது வரை பதிந்துவைத்தார்கள். செத்த கணு, பலகை உலர்ந்ததும் கழன்று விழுந்து ஓட்டையை விட்டுப் போகும். ஆகையால் இந்த எல்லை வியாபாரிக்குப் பணம். பதிந்த தடியைக் கணினியில் வேண்டிய கோணத்துக்கெல்லாம் திருப்பி ஆயிரம் முறை அறுத்தாலும் ஒரு சிட்டிகை மரத்தூள் சிந்தாது.

கணு அடர்த்தி மிக்கது. எக்ஸ் கதிரை அதிகமாகத் தடுப்பதால் படத்தில் வெளுத்துத் தெரிகிறது. ஆனால் பச்சைப் பைனில் நடுவைரம் காய்ந்தும் அதைச் சூழ்ந்த வெளிமரம் நீரில் ஊறியும் இருப்பதால், வைரத்தைத் தாண்டியதும் கணு அந்த ஈரத்தின் வெளுப்பில் கரைந்துவிடுகிறது. உள்ளே கண்ட போக்கைக் கொண்டே மிச்சத்தை அனுமானிக்க வேண்டியிருக்கிறது. மிஸ்திரியின் யூகம் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை என்று இதில் அவருக்கு ஓர் ஆறுதல்!

இன்று இத்தாலியின் பிரிக்ஸன் நகரத்து மைக்ரோடெக் நிறுவனம் செய்யும் ஸ்கேனர்களில் தடி நிற்காமலே ஓடிக் கடக்கிறது. என் அபிப்பிராயத்தில் தொல்லை இனிமேல் இரும்பில்தான். கணினி சொன்ன கோணத்துக்குத் தடியைத் திருப்பும் முள்ளுருளைகள், பட்டை வழுக்கியோ தடியின் வளைவினாலோ சில பாகை பிசகினால், கணக்கில் கண்ட லாபத்தில் பெரும்பங்கு கைநழுவும். அதனால், தடி மெய்யாகவே எவ்வளவு திரும்பியது என்று வாள்வாயிலுக்கு முன்பே அளந்து திருத்தும் கருவிகளும் மில்களுக்குள் வந்து சேர்ந்திருக்கின்றன.