எல்லோராவுக்கு முதன்முறை செல்வோர்க்கு

மும்பையிலும் புனேயிலும் ஐதராபாத்திலும் வாழும் தமிழர் இல்லங்களுக்கு ஊரிலிருந்து பெற்றோரோ உறவினரோ வந்தால், சீரடி யாத்திரை பெரும்பாலும் உறுதியாகிவிடும். அதனோடு கிருஷ்ணேசுவரர் சோதிலிங்க தரிசனமும் சேரும். அத்தலத்துக்கு மிக அருகில் இருப்பதால், எல்லோராக் குகைகளுக்கும் போகிற போக்கில் ஓர் அரைமணி நேரம் ஒதுக்கப்படும். வண்டியோட்டி வாயிலில் நின்று அவசரப்படுத்துவார். கயிலாசநாதர் கோயிலின் முன் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு, “பெரிய கோயில்தான், நம் ஊரில் இல்லாததா?” என்று கூறித் திரும்பியோர் பலர். அவர்கள் மேல் குறையில்லை. எங்கிருந்து பார்க்கவேண்டும் என்பதை அவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அக்கோயில் கட்டப்பட்டதன்று, வெட்டப்பட்டது. அடித்தளத்திலிருந்து சிகரம் நோக்கி எழும்பிய கோயில்களையே கண்டு பழகிய நமக்கு, சிகரத்திலிருந்து அடித்தளம் நோக்கி இறங்கிய ஒரு கோயில் உடனே பிடிபடுவதில்லை. சிற்பிகள் முதலில் மலைச்சரிவின் மேற்புறத்தில் அகழிகள் வெட்டி, நடுவே ஒரு பெரும் பாறையைத் தனித்து நிறுத்தினர். பின்னர் அதனை மேலிருந்து செதுக்கிக்கொண்டே கீழிறங்கினர். இவ்வாறு அகற்றிய கல் ஒன்றரை இலட்சம் முதல் இரண்டு இலட்சம் டன் வரை இருக்கும் என மதிப்பிடுவர். கட்டடத்தில் ஒரு கல் பழுதானால் வேறு கல் வைக்கலாம். இங்கே தவறி விழுந்த உளிக்கு மாற்று இல்லை.

கழுகுமலை வெட்டுவான் கோயிலைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். எட்டாம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் தொடங்கி முற்றுப்பெறாமல் நின்ற அக்கோயிலில், விமானத்தின் மேற்பகுதி அழகுற முடிந்திருக்க, அடிப்பகுதி பாறையாகவே இருக்கக் காணலாம். அதே நூற்றாண்டில் எல்லோராவில் அவ்வேலை நிறைவெய்தியது.

ஆகவே கயிலாசத்தை ஒரே நாளில் இருமுறை பாருங்கள்: காலையில் மேலிருந்து, பிற்பகலில் கீழிருந்து. கோயிலைச் சுற்றியுள்ள மலைச்சரிவில் ஏறிச் சென்றால் முழுக் கோயிலும் காலடியில் விரியும். மண்டபத்தின் கூரையில் பெருந்தாமரையும், அதன்மேல் நான்கு சிங்கங்களும் தெரியும். கீழே முற்றத்தில் நிற்பவர் கண்ணுக்கு இவை படுவதில்லை. அப்பாதை திறந்திருக்கிறதா என்று காவலரைக் கேட்டு அறிந்து செல்க. வேலியைத் தாண்டலாகாது, மழைக்காலத்தில் பாறை வழுக்கும், குழந்தைகளைக் கைவிடாது பிடித்துச் செல்க.

கோயில் மேற்கு நோக்கியது. முற்பகலில் முகப்பு நிழலில் இருக்கும்; பிற்பகலில்தான் அதன்மீது வெயில் படும். இடைப்பட்ட நேரத்தில் ஏனைய குகைகளைக் காணலாம். மொத்தம் 34 குகைகள், சுமார் இரண்டு கிலோமீட்டர் தூரத்துக்குத் தெற்கு வடக்காகப் பரந்துள்ளன. 1 முதல் 12 வரை பௌத்தம், 13 முதல் 29 வரை சைவ, வைணவ மூர்த்தங்கள் நிறைந்தவை, 30 முதல் 34 வரை சமணம். அனைத்தையும் ஒரே நாளில் காண முயல்வது கால்களுக்கு இழைக்கும் கொடுமை. 10, 12, 15, 32 ஆகிய நான்கு போதும். 10ஆம் குகையின் கூரையில் மரச்சட்டங்கள் போலவே கல்லில் விலா எலும்புகள் செதுக்கியிருக்கின்றனர். அதனால் அதற்குத் ‘தச்சன் குடில்’ என்றே உள்ளூரில் ஒரு பெயர் உண்டு. சமணக் குகைகள் வட கோடியில், கயிலாசத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருப்பதால் முதியோரை நடத்திச் செல்லவேண்டாம்.

பிற்பகலில் கயிலாசத்தின் முற்றத்துக்குள் நுழைந்ததும், கோயிலை வலம் வருவது போல இடப்புறமாகத் தொடங்குக. வடபுறம் கங்கை, யமுனை, சரசுவதி மூவருக்கும் ஒரு சிறு கோயில் உண்டு. மண்டபத்தின் வடசுவரில் மகாபாரதக் காட்சிகளும், தென்சுவரில் இராமாயணக் காட்சிகளும் வரிசை வரிசையாக உள்ளன. பின்புறத்தில் கோயிலைத் தாங்கி நிற்கும் யானைகளைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். தென்புறத்தில், கயிலைமலையைப் பெயர்க்க முயலும் இராவணனின் சிற்பத்தை மட்டும் விரைந்து கடந்துவிடாதீர்கள். கீழே அவன் இருபது தோள்களும் முறுக்கேறி நிற்க, மேலே அம்மை அச்சத்தால் இறைவன் பக்கம் சாய்கிறாள். இறைவனோ அமைதியாக இருக்கிறார்.

இக்கோயில் இராட்டிரகூட அரசன் முதலாம் கிருஷ்ணன் (756–773) காலத்தது என்பர். 812ஆம் ஆண்டைச் சார்ந்த பரோடாச் செப்பேடு ஒன்று, இதனை எவ்வாறு செய்தோம் என்று சமைத்த சிற்பியே வியந்ததாகக் கூறுகிறது. தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. காஞ்சியை வென்ற சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், அங்குள்ள கைலாசநாதர் கோயிலின் செல்வத்தைக் கவராமல் திருப்பியளித்ததை அக்கோயிற் கல்வெட்டே கூறும். அவன் தேவி லோகமாதேவி பட்டடக்கல்லில் எடுப்பித்த விருபாட்சர் கோயிலில் காஞ்சியின் சாயலையும், எல்லோராவில் பட்டடக்கல்லின் சாயலையும் அறிஞர் காண்கின்றனர். “நம் ஊரில் இல்லாததா?” என்று கேட்டவர் முற்றிலும் தவறாகச் சொல்லிவிடவில்லை!

இனிச் சில நடைமுறைச் செய்திகள். எல்லோரா செவ்வாய்க்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும்; அஜந்தா திங்கட்கிழமைகளில். இரண்டையும் காண எண்ணுவோர் இதனை மறந்து ஏமாறுவது உண்டு. ஔரங்காபாத் நகரின் பெயர் 2023இல் சத்திரபதி சம்பாஜிநகர் என மாற்றப்பட்டது. பயணச்சீட்டு எடுக்கும்போது இரு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்க. மும்பையிலிருந்து வரும் இரயில்கள் மன்மாடு வழியே இந்நகரை அடையும். இங்கிருந்து எல்லோரா சுமார் 30 கிலோமீட்டர். மராத்தியில் இவ்வூரின் பெயர் ‘வேரூள்’. பேருந்துப் பலகையில் அப்பெயர் இருந்தால் மயங்கவேண்டாம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். கோடையில் கரும்பாறை கொதிக்கும். தண்ணீரும், இருண்ட மண்டபங்களுக்கு ஒரு கைவிளக்கும் உடன் இருக்கட்டும். தின்பண்டங்களைக் கையில் ஏந்திச் சென்றால் குரங்குகளுக்குப் பங்கு கொடுக்க நேரும். வழிகாட்டியை அமர்த்துவதாயின் கூலியை முன்னரே பேசிக்கொள்க.

கிருஷ்ணேசுவரர் தரிசனத்தைக் காலையிலேயே முடித்துவிடுதல் நலம். கருவறைக்குள் ஆடவர் மேலாடையின்றியே செல்லவேண்டும். நமக்கு இது புதிதன்று. நகருக்குத் திரும்பும் கடைசிப் பேருந்து எப்போது என்பதை வந்து இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டு வைத்துக்கொண்டால், மாலைவரை கடிகாரத்தைப் பார்க்காமல் சிற்பங்களைப் பார்க்கலாம்.