கணினியிற் குறுக்குவழி விசைகள்: அவற்றின் வரலாறும் பயனும்

எமது சங்கத்தின் மூத்த அங்கத்தவர் ஒருவர், தாம் கல்லூரியிற் கற்ற காலத்து ஆசிரியர்களைப் பற்றி இம்மலருக்கு ஒரு கட்டுரை எழுதப் புகுந்தார். அவர் எண்பது வயதைக் கடந்தவர். எனினும் பிறர் கையை எதிர்பாராது, பேரனாருடைய கணினியிலே தாமே ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டி, மூன்று கிழமைகளிற் பதினொரு பக்கங்களை எழுதி முடித்தார். ஒருநாள் மாலை, ஆசிரியர் ஒருவரின் பெயருக்குப் பின்னே பி.ஏ. என்னும் பட்டத்தை ஆங்கில எழுத்திற் பொறிக்க வேண்டியிருந்தது. பெரிய எழுத்து வேண்டி ஷிப்ட் விசையை அழுத்தக் கருதியவர், கண் மயக்கத்தால் அதற்குக் கீழேயுள்ள கொன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு 'ஏ' என்னும் எழுத்தைத் தட்டினார். திரையில் எழுதியிருந்தவை யாவும் ஒருங்கே நிறம் மாறின. அதனைப் பொருட்படுத்தாது பட்டத்தின் இறுதிப் புள்ளியை இட்டார். பதினொரு பக்கங்களும் மறைந்து, வெறுந்திரையில் அப்புள்ளி ஒன்றே எஞ்சியது. மனம் பதறிக் கோப்பினை மூட முயன்றபோது, மாற்றங்களைச் சேமிப்பதா எனக் கணினி வினவிற்று. சேமித்தல் நல்லதுதானே என்றெண்ணி, ஆம் என்று விடையளித்தார்.

பேரன் ரியூசன் முடிந்து வீடு திரும்பியபோது செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பெரியவர் சீ.ஆர். கொப்பியொன்றை எடுத்து மீண்டும் முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். முன் எழுதியவற்றுட் பாதியே நினைவுக்கு வந்ததென்று அவர் எம்மிடம் கூறியபோது, அவருடைய குரலில் துயரத்தினும் வெட்கமே மிகுந்திருந்தது. அந்த வெட்கத்துக்கு இடமில்லை என்பதையும், ஒரே ஒரு விசைச்சேர்க்கையை அவர் அறிந்திருப்பின் அப்பதினொரு பக்கங்களும் மீண்டிருக்கும் என்பதையும் ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

குறுக்குவழி விசைகள் எனப்படுவன, எலி என்று பலரும் வழங்கும் சுட்டியைத் தொடாமலே, விசைப்பலகையில் இரண்டு அல்லது மூன்று விசைகளை ஒருசேர அழுத்திக் கணினிக்கு ஏவல் இடும் முறையாகும். இவற்றின் இயல்பை அறிய வேண்டின், முதலில் ஷிப்ட் விசையின் பிறப்பை அறிதல் நன்று. 1874 ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த முதல் றெமிங்ரன் தட்டெழுத்துப் பொறி ஆங்கிலப் பெரிய எழுத்துக்களை மாத்திரமே பொறித்தது. 1878 இல் வெளிவந்த இரண்டாவது பொறியிலேதான் ஒவ்வோர் எழுத்துத் தண்டின் நுனியிலும் பெரிய எழுத்தும் சிறிய எழுத்துமாக இரண்டு வார்ப்புக்கள் அமைந்தன. ஷிப்ட் என்னும் ஆங்கிலச் சொல் இடம்பெயர்த்தல் எனப் பொருள்படும். அவ்விசையை அழுத்தியதும் தாள் தாங்கும் உருளை மெய்யாகவே இடம்பெயர்ந்தது. அதனால் மற்றைய வார்ப்புத் தாளிற் பட்டது. தட்டெழுத்துக் கற்ற பழைய மாணவர்களின் சின்ன விரல்களுக்கு அந்தப் பாரம் இன்னும் நினைவிருக்கும்.

கொன்ட்ரோல் விசையோ தந்திப் பொறியிலிருந்து வந்தது. 1963 இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆஸ்கி என்னும் குறியீட்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. பெரிய 'ஏ' 65. பெரிய 'ஜி' 71. பெரிய 'எம்' 77. கொன்ட்ரோல் விசையுடன் சேர்த்து ஓர் எழுத்தை அழுத்தினால், அதன் எண்ணில் 64 குறைந்து செல்லும். 71 ஆகிய 'ஜி' 7 ஆகும். ஏழு என்பது மறுமுனையிலுள்ள பொறியின் மணியை அடிக்கும் ஏவல். 77 ஆகிய 'எம்' 13 ஆகும். அது பொறியின் அச்சுத்தலையை வரியின் தொடக்கத்துக்கு மீட்கும் ஏவல். எனவே கொன்ட்ரோல் விசையின் பொருள் இவ்வளவே: 'நான் இப்பொழுது அழுத்துவது எழுத்தன்று, கட்டளை' என்று பொறிக்கு முன்கூட்டி அறிவித்தல். விரல் அதன்மீது இருக்கும்வரை கட்டளை. விரலை எடுத்ததும் மீண்டும் எழுத்து.

இந்த வேறுபாடு எத்துணை அவசியமானது என்பதைக் கலிபோர்னியாவில் நடந்த ஒரு காரியம் புலப்படுத்தும். அங்கே பாலோ அல்ரோ என்னும் ஊரில் சீரொக்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருந்தது. அந்நிலையத்தில் 1974 ஆம் ஆண்டளவில் பிராவோ என்னும் எழுத்தாக்க மென்பொருள் உருவாயிற்று. அக்காலத்தில் அதற்கு நிகர் இல்லை. ஆனால் அதற்கு இரண்டு நிலைகள் இருந்தன. ஒரு நிலையில், தட்டும் எழுத்து எழுத்தாகவே பதியும். மற்றை நிலையில், அதே எழுத்துக் கட்டளையாகக் கொள்ளப்படும். கட்டளை நிலையில் இருப்பதை மறந்து ஒருவர் 'எடிற்' என்னும் ஆங்கிலச் சொல்லின் நான்கு எழுத்துக்களையும் தட்டினார் என்று வைத்துக்கொள்வோம். 'இ' என்றதும் எழுதியவை அனைத்தும் தெரிவு செய்யப்படும். 'டி' என்றதும் தெரிவு செய்தவை அழிக்கப்படும். 'ஐ' என்றதும் புதிய எழுத்தைச் செருகப் பொறி ஆயத்தமாகும். ஈற்றெழுத்தாகிய 'ரி' செருகப்படும். முழு ஆவணமும் போய், ஒரு 'ரி' மாத்திரம் எஞ்சும்! எம் பெரியவருக்கு ஒரு புள்ளி எஞ்சியது. அத்துறை வல்லுநர் நடுவிலோ ஓர் எழுத்து. வேறுபாடு அவ்வளவே.

அந்நிலையத்திற் பணியாற்றிய லறி ரெஸ்லர் என்பவருக்கு இத்தகைய நிலைகள் என்றாற் பெரும் பகை. தமது மோட்டார் வாகனத்தின் இலக்கத்தகட்டிலும் 'நிலைகள் வேண்டா' என்னும் கருத்துடைய ஆங்கிலச் சொற்களையே அவர் பொறித்திருந்தார். அவரும் ரிம் மொற் என்பவரும் 1970 களின் நடுப்பகுதியில் ஜிப்சி என்னும் மென்பொருளை ஆக்கினர். அது பாடநூல் வெளியிடும் ஜின் நிறுவனத்தின் பதிப்பாசிரியர்களுக்கென எழுந்தது. பதிப்பாசிரியர் மேசையிற் கத்தரிக்கோலும் பசையும் இருத்தல் அக்கால வழக்கம். தட்டெழுத்துத் தாளில் ஒரு பந்தியை வெட்டி, வேண்டிய இடத்தில் ஒட்டுவர். அவ்வழக்கத்தையே ரெஸ்லரும் மொற்றும் திரைக்குக் கொண்டுவந்து, வெட்டல், படியெடுத்தல், ஒட்டல் என்னும் மூன்று செயல்களாக அமைத்தனர். பின்னர் ரெஸ்லர் அப்பிள் நிறுவனத்திற் சேர்ந்தார். 1983 இல் அந்நிறுவனம் வெளியிட்ட லீசா என்னும் கணினியில், விசைப்பலகையின் கீழ்வரிசையில் இடப்புறமாக அடுத்தடுத்துள்ள இசெட், எக்ஸ், சி, வி என்னும் நான்கும் இச்செயல்களுக்கு உரியவாயின. 'எக்ஸ்' வெட்டுக்குறி போன்றது. 'சி' படியெடுத்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. 'வி' அச்சுப்பிழை திருத்துவோர் இடைச்செருகலுக்கு இடும் கூர்க்குறியைத் தலைகீழாக்கியது போன்றது. அவற்றின் அயலிலுள்ள 'இசெட்' செய்ததை இல்லாமற் செய்வது. ரெஸ்லர் 2020 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திற் காலமானார்.

மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் கணினிகளில் இந்நான்கினையும் கொன்ட்ரோல் விசையுடன் சேர்த்து அழுத்துதல் வேண்டும். அப்பிள் கணினிகளில் வெளிவிசைக்கு அருகேயுள்ள கொமாண்ட் விசையுடன் அழுத்துதல் வேண்டும். மற்றும்படி முறை ஒன்றே.

இனி, இந்நான்கினுள்ளும் தலையாயது 'இசெட்' என்பது எமது கருத்து. படியெடுக்கத் தெரியாதவன் இருமுறை எழுதி இளைப்பான். செய்ததை மீட்கத் தெரியாதவன் எழுதியதையே இழப்பான். கொன்ட்ரோலும் இசெட்டும் இறுதியாகச் செய்த செயலை நீக்கி முந்திய நிலையைத் தரும். மீண்டும் மீண்டும் அழுத்த, இன்றைய மென்பொருள்கள் பல படிகள் பின்னோக்கிச் செல்லும். அளவு கடந்து பின்சென்றுவிட்டால், விண்டோஸிற் கொன்ட்ரோலுடன் 'வை' அழுத்த முன்னோக்கி வரலாம். பெரியவர் கண்ட வெறுந்திரை இரண்டொரு தட்டலில் நிறைந்திருக்கும். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. கோப்பினைச் சேமித்து மூடிவிட்டால், பொதுவாக அந்நினைவு கணினியை விட்டு அகன்றுவிடும். ஆதலால் திரையில் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தவுடன், எதையும் மூடாது, சேமிக்காது, முதலில் இவ்விரு விசைகளையும் நாடுக. எதிர்பாராதது நிகழாத வேளைகளில், கொன்ட்ரோலுடன் 'எஸ்' அழுத்தி அடிக்கடி சேமித்துக்கொள்க. பந்திக்கு ஒருமுறை என்பது எமது வழக்கம்.

வெட்டல் பற்றியும் ஓர் எச்சரிக்கை கூற வேண்டும். வெட்டியதோ படியெடுத்ததோ கணினியின் தற்காலிக நினைவில் தங்குகிறது. அங்கே சாதாரணமாக ஒன்றுக்கே இடமுண்டு; இரண்டாவதை எடுத்ததும் முதலாவது போய்விடும். ஒரு பந்தியை வெட்டியெடுத்த பின், ஒட்டுவதற்கு முன்னரே வேறொரு சொல்லைப் படியெடுத்துப் பந்தியைப் பறிகொடுத்தோர் பலர். விண்டோஸில் 2018 முதல், விண்டோஸ் விசையுடன் 'வி' அழுத்தினால் முன் எடுத்தவற்றின் பட்டியல் தோன்றும். ஆயினும் அவ்வசதியை ஒருமுறை இயக்கி வைத்திருத்தல் வேண்டும்.

கொன்ட்ரோல், ஒல்ட், டிலீற் என்னும் மூன்றின் சேர்க்கையை அறியாத மாணவர் இலர். அதன் கதை சுவையானது. 1981 இல் வெளிவந்த ஐ.பி.எம். கணினியை உருவாக்கிய பொறியியலாளருள் ஒருவரான டேவிட் பிராட்லி, கணினி செயலற்று நின்றபோதெல்லாம் மின்னை நிறுத்தித் திரும்ப இயக்கும் வில்லங்கத்தைத் தவிர்க்க, உடனே மறுதொடக்கம் செய்யும் சேர்க்கை ஒன்றை வகுத்தார். முதலில் அவர் எடுத்தது கொன்ட்ரோல், ஒல்ட், எஸ்கேப் என்பவற்றை. அவை மூன்றும் இடக்கைப் பக்கத்தே நெருங்கியிருந்தமையால், தற்செயலாகக் கைபட்டே கணினி மறுதொடக்கமாகக் கூடும் என அஞ்சி, எஸ்கேப்பை விடுத்து, வலக்கோடியிலிருந்த டிலீற் விசையை எடுத்துக்கொண்டார். இரு கைகளும் மனமொத்தாலன்றி அதனை அழுத்த முடியாது. தம் கூட்டத்தாரின் வேலைக்கென அமைத்த அச்சேர்க்கை பின்னர் உலகெங்கும் பரவியது. 1993 இல் வந்த விண்டோஸ் என்.ரி. அதனைக் கணினிக்குள் நுழைவோருக்குரிய வாயிலாக்கிற்று. இன்றைய விண்டோஸில் அது மறுதொடக்கம் செய்வதில்லை; கணினியைப் பூட்டவும், வெளியேறவும், செயலற்று நிற்கும் மென்பொருளை நிறுத்தவும் வழிகாட்டும் திரையொன்றைத் தருகிறது.

ஏனையவற்றை விரைந்து கூறலாம். ஒல்ட் விசையை அழுத்தியவாறே ராப் விசையைத் தட்டினால், திறந்துள்ள ஒரு சாளரத்திலிருந்து மற்றொன்றுக்குத் தாவலாம். விண்டோஸ் விசையும் 'எல்' உம் கணினியைப் பூட்டும். காரியாலயத்தில் மேசையை விட்டு எழுவோருக்கு இது இன்றியமையாதது. கொன்ட்ரோலும் 'எஃப்' உம் ஒரு சொல்லைத் தேடித் தரும். பழைய மாணவர் பட்டியலிலே தம் பெயர் விடுபட்டதா என்று பார்ப்போர் இதனையே முதலிற் கற்பர் என நம்புகிறோம். இணையப் பக்கங்களைப் பார்க்கையிற் கொன்ட்ரோலுடன் சகக்குறியை அழுத்த எழுத்துப் பெருக்கும். கழித்தற்குறியை அழுத்தச் சிறுக்கும். சுழியத்தை அழுத்தப் பழைய அளவுக்கு வரும். மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு வந்த நண்பர்களுக்கு இது பேருதவி.

தமிழில் எழுதுவோருக்கு ஒரு சிக்கல் தனியே உண்டு. தட்டெழுத்துப் பொறிக்குத் தமிழ் எழுத்துக்களை அமைத்த முன்னோடியாகிய ஆர். முத்தையா யாழ்ப்பாணத்தவர். பொறியிலிருந்து கணினிக்கு வந்தபோது, நம் நாட்டிற் பலரும் பாமினி என்னும் எழுத்துருவைப் பழகினர். அதில் கணினி அறிவது தமிழெழுத்தை அன்று, ஆங்கில எழுத்தையே. அதன்மேற் தமிழ் உருவம் போர்த்தப்பட்டிருக்கும். தமிழ் என்னும் சொல் அங்கே ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமாகும். அதனைப் படியெடுத்து, எழுத்துரு நீங்குமாறு ஓரிடத்தில் ஒட்டினால், போர்வை கழன்று அந்த ஆங்கில எழுத்துக்கள் வெளிப்படும். கண்டவர் கோப்புக் கெட்டுவிட்டது என்பர். கெடவில்லை. அனைத்தையும் தெரிவு செய்து, பாமினி எழுத்துருவை மீண்டும் தெரிந்தாற் தமிழ் தோன்றும். யூனிக்கோட் முறையில் எழுதியவற்றுக்கு இத்தொல்லை இல்லை. விண்டோஸிற் பல மொழிகளுக்குரிய விசைப்பலகைகளை வைத்திருப்போர், விண்டோஸ் விசையுடன் வெளிவிசையை அழுத்தி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம்.

பெரியவர் கொப்பியில் எழுதியதைப் பட்டினத்திலுள்ள ஒரு தட்டெழுத்து நிலையத்திற் கொடுத்தார். அவர்கள் பாமினியிற் பொறித்து, மின்னஞ்சலின் உள்ளே ஒட்டி மலர்க்குழுவுக்கு அனுப்பினர். எமக்கு வந்தது எட்டுப் பக்கம் பொருளற்ற ஆங்கில எழுத்து. விலக்கிவிடலாமா என்று குழுவில் ஒருவர் கேட்கவும் செய்தார். அதனைப் படியெடுத்துப் புதிய கோப்பொன்றில் ஒட்டி, கொன்ட்ரோலையும் 'ஏ' யையும் அழுத்தினோம். எல்லாம் நிறம் மாறின. இம்முறை புள்ளி இடாது, பாமினியைத் தெரிந்தோம். ஆசிரியர்களின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் தமிழிற் தோன்றின. கட்டுரையை இம்மலரிற் காணலாம். பி.ஏ. என்னும் பட்டம் அதில் ஏழு இடங்களில் வருகின்றது. ஏழும் தமிழெழுத்திலேயே உள்ளன.