கூடிய ஓய்வூதியம் எங்கே போயிற்று?

ஓய்வூதியம் கூடினால், கூடியது முழுவதும் கைக்கு வந்துசேரும் என்றே நாம் எண்ணுகின்றோம். அமெரிக்க முதியோரின் கணக்கோ வேறு.

அங்கு 1966 இல் தொடங்கிய 'மெடிக்கெயர்' என்னும் அரசாங்க மருத்துவக் காப்புறுதியில், வைத்தியர் செலவுக்கான பகுதிக்கு அன்று மாதக் கட்டணம் 3 டொலர். 2025 இலோ 185 டொலர். பெரும்பாலோருக்கு இத்தொகை ஓய்வூதியத்திலேயே கழிக்கப்படுகின்றது.

2025 இல் ஓய்வூதியம் 2.5 வீதம் உயர்ந்தது. மாதம் 1,000 டொலர் பெற்றவருக்கு 25 டொலர் ஏற்றம். ஆயின் கட்டணமும் 10.30 டொலர் ஏறியமையால், அவருக்கு எஞ்சிய ஏற்றம் 14.70 டொலரே.

கட்டண உயர்வினால் முன்பு பெற்ற தொகை குறையாதவாறு சட்டம் பெரும்பாலோரைக் காக்கின்றது. ஏற்றம் முழுவதையும் கட்டணம் விழுங்கிவிடுவதை அது தடுப்பதில்லை. முதுமைக்குத் திட்டமிடுகையில், ஏட்டிலுள்ள தொகையையன்று, கைக்கு வரும் தொகையையே நாம் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.