நாற்பது வயதில் கித்தார் பழகலாமா?

ஒரு சனிக்கிழமை மாலை. உங்கள் அப்பா வீட்டுக்குள் நுழைகிறார். தோளில் நீளமான கறுப்புப் பை. திறந்தால் உள்ளே ஒரு பழைய கித்தார்.

“படிக்கிற காலத்திலிருந்தே ஆசை. இப்போதாவது கற்றுக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன்,” என்கிறார். அவருக்கு வயது 45.

நீங்கள் என்ன சொல்வீர்கள்? “இந்த வயசுலயாப்பா?” என்று சிரித்துவிடுவீர்களா? பக்கத்தில் பாட்டி இருந்தால் பழமொழியையே எடுத்துவிடுவார்: “ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?”

பழமொழிகள் பல தலைமுறை அனுபவத்தில் பிறந்தவை. அவற்றை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அறிவியல் படிக்கும் மாணவர் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும் அல்லவா? இதை யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?

பார்த்திருக்கிறார்கள். கிடைத்த விடை, பாட்டி சொன்னது போலவும் இல்லை. அதற்கு நேர் எதிராகவும் இல்லை.

முதலில் வலிப்பது விரல்

கித்தாரில் 6 தந்திகள். ஆறும் ஏறக்குறைய 65 சென்டிமீட்டர் நீளம்தான். ஆனால் மிகத் தடித்த தந்தியை மீட்டினால் அது வினாடிக்குச் சுமார் 82 முறை அதிரும். மிக மெல்லிய தந்தியோ சுமார் 330 முறை அதிரும். தந்தியின் நீளம், அதை இழுத்துப் பிடித்திருக்கும் விசை, அதன் கனம் ஆகிய மூன்றும்தான் அதிர்வெண்ணை முடிவு செய்கின்றன.

வீணையில் மெட்டு இருப்பதுபோல், கித்தாரின் கழுத்திலும் குறுக்கே உலோகத் துண்டுகள் பதிக்கப்பட்டிருக்கும். இவற்றை ஃபிரெட் என்பார்கள். தந்தியை ஃபிரெட்டின் மேல் அழுத்தினால் அதன் அதிரும் நீளம் குறைகிறது, சுரம் உயர்கிறது. 12ஆவது ஃபிரெட்டில் நீளம் சரிபாதி. அதனால் அதிர்வெண் இருமடங்கு.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் எஃகுத் தந்திகள் ஆறும் சேர்ந்து கித்தாரின் கழுத்தை இழுக்கும் விசை, சுமார் 70 கிலோ எடைக்குச் சமம். இவ்வளவு இறுக்கமாக நிற்கும் மெல்லிய எஃகை மென்மையான விரல் நுனியால் அழுத்தினால் வலிக்காமல் என்ன செய்யும்? முதல் வாரத்தில் அப்பா விரலை ஊதிக்கொண்டிருந்தால் அது நடிப்பல்ல.

பால்மரம் வெட்டிய தாத்தா பாட்டிமாரின் கைகள் காய்த்துப்போய் இருந்ததைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதுவேதான் இங்கும் நடக்கிறது. ஓர் இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுந்தால், அங்கே தோலின் வெளியடுக்கு தடிக்கிறது. கெராட்டின் என்ற புரதம் நிறைந்த அந்த அடுக்கு விரலுக்குக் கவசமாகிறது. சில வாரங்களில் வலி குறைந்துவிடும். இந்த வேலையைத் தோல் 15 வயதிலும் செய்யும், 45 வயதிலும் செய்யும்.

மூன்று விரல், மூன்று கட்டளை

அடுத்த தடை மூளையில். பல சுரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்கச் செய்வதைக் கார்ட் என்கிறோம். ‘சி’ கார்ட் வாசிக்க மூன்று விரல்கள் வேண்டும். ஆள்காட்டி விரல் 2ஆம் தந்தியில் முதல் ஃபிரெட். நடுவிரல் 4ஆம் தந்தியில் 2ஆம் ஃபிரெட். மோதிர விரல் 5ஆம் தந்தியில் 3ஆம் ஃபிரெட். இதிலிருந்து ‘ஜி’ கார்டுக்கு மாற வேண்டுமானால் மூன்று விரல்களும் ஒரே சமயத்தில் இடம் மாற வேண்டும். பாட்டின் தாளமோ யாருக்காகவும் காத்திருக்காது.

நாம் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்திருக்கக்கூடிய செய்திகள் மிகச் சில. புதிதாகக் கற்பவருக்கு ஒவ்வொரு விரலும் ஒரு தனிக் கட்டளை. தேர்ந்தவருக்கோ ‘சி’ என்பது ஒரே கட்டளை; விரல்கள் தாமாகப் போய் உட்காரும். நீங்கள் முதன்முதலில் மிதிவண்டி ஓட்டியதை நினைத்துப் பாருங்கள். கைப்பிடி, மிதி, சமநிலை, எதிரே வரும் கார் என எல்லாவற்றையும் தனித்தனியாக யோசித்தீர்கள். இன்று நண்பனோடு பேசிக்கொண்டே ஓட்டுகிறீர்கள். பல சிறு அசைவுகள் ஒரே கட்டாக மாறியதால்தான் இது முடிகிறது. அந்தக் கட்டு உருவாகத்தான் பயிற்சி.

பாட்டியின் பக்கம் நிற்கும் சான்று

சிறு வயதில் தொடங்குவதற்குப் பலன் உண்டா? உண்டு. 1995இல் ஜெர்மனியைச் சேர்ந்த தாமஸ் எல்பர்ட் குழுவினர், வயலின், செல்லோ, கித்தார் வாசிக்கும் 9 பேரின் மூளையை ஆராய்ந்தார்கள். தந்தியை அழுத்தும் இடக்கை விரல்களின் தொடுவுணர்வுக்கு அவர்களின் மூளையில் ஒதுக்கப்பட்டிருந்த இடம், இசைக்கருவி வாசிக்காதவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. இளம் வயதில் தொடங்கியவர்களிடம் அந்த வேறுபாடு இன்னும் பெரிதாக இருந்தது.

இன்னொரு சான்று ஒரு பறவையிடமிருந்து வருகிறது. நம் நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் எலிகளைப் பிடிக்கக் கூடுப் பெட்டி வைத்து வளர்க்கிறார்களே, அந்தக் கூகை இனம்தான். இருட்டிலும் ஒலியை வைத்தே எலி இருக்கும் திசையைக் கண்டுபிடிக்கும் பறவை இது. அதன் மூளையில் ஒலியின் திசைக்கு ஒரு வரைபடம், பார்வைக்கு ஒரு வரைபடம், இரண்டும் பொருந்தியிருக்கும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எரிக் நட்சன் என்ற ஆய்வாளர், கூகைகளுக்கு முப்பட்டகக் கண்ணாடி மாட்டிவிட்டார். அதன் வழியாகப் பார்த்தால் உலகம் 23 பாகை பக்கவாட்டில் நகர்ந்து தெரியும். இளம் கூகைகளின் மூளை சில வாரங்களில் ஒலி வரைபடத்தை மாற்றி, புதிய பார்வையோடு பொருத்திக்கொண்டது. வளர்ந்த கூகைகளிடம் மாற்றம் மிகச் சிறிதே. பாட்டி சொன்னது சரி என்றுதான் அப்போது தோன்றியது.

கண்ணாடியை மாற்றியதும் கதையும் மாறியது

2002இல் நட்சனும் பிரீ லிங்கன்ஹோக்கரும் அதே சோதனையில் ஒன்றை மட்டும் மாற்றினார்கள். வளர்ந்த கூகைகளுக்கு ஒரே தாவலில் 23 பாகை கொடுக்கவில்லை. முதலில் சில பாகை மட்டுமே நகர்த்தும் கண்ணாடி. அதற்குப் பழகியதும் இன்னும் கொஞ்சம். பிறகு இன்னும் கொஞ்சம். இப்படிப் படிப்படியாக 23 பாகைக்குப் போனபோது, “வளையாது” என்று நினைத்த மூளை வளைந்தது. குஞ்சுகளின் அளவுக்கு முழுமையாக இல்லை. ஆனால் ஒரேயடியாக மாற்றியபோது கிடைத்ததைவிட மிகத் தெளிவான முன்னேற்றம்.

2005இல் நட்சனின் ஆய்வுக்கூடம் இன்னொன்றையும் கண்டது. இறந்த எலிகளைத் தின்ற வளர்ந்த கூகைகளைவிட, உயிருள்ள எலிகளைத் தாமே வேட்டையாடிய கூகைகளின் மூளை பல மடங்கு கூடுதலாக மாறியிருந்தது. வேட்டையாடும்போது ஒவ்வொரு பிழையும் இரையைத் தப்பவிடும். தேவையும் கவனமும் இருக்கும் இடத்தில் வளர்ந்த மூளையும் கற்கிறது.

மனிதர்களிடம்? 2004இல் ஜெர்மனியில் இளைஞர்கள் சிலருக்கு மூன்று பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிக்கும் வித்தையை 3 மாதம் பழக்கி, முன்னும் பின்னும் மூளையைப் படம் பிடித்தார்கள். அசைவைக் கவனிக்கும் பகுதியில் மூளையின் சாம்பல் நிறப்பொருள் கூடியிருந்தது. பின்னர் 60 வயதை ஒட்டியவர்களிடமும் இதே சோதனை நடந்தது. இளைஞர்களைவிடக் குறைவானவர்களே நன்றாகக் கற்றார்கள். ஆனால் கற்றவர்களின் மூளையிலும் மாற்றம் தெரிந்தது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. பயிற்சியை நிறுத்தி 3 மாதம் கழித்துப் படம் பிடித்தபோது, இளைஞர்களின் மூளையில் கூடியது பெரும்பாலும் குறைந்துவிட்டிருந்தது.

38 வயதில் தொடங்கிய பேராசிரியர்

கேரி மார்கஸ், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மனம் எப்படிக் கற்கிறது என்று ஆராய்ந்த பேராசிரியர். இசைக்கும் தனக்கும் வெகுதூரம் என்று நம்பியிருந்தவர். 38 வயதில் கித்தாரைக் கையில் எடுத்தார். அவருக்குத் துணிவு தந்தவற்றுள் அந்தக் கூகை ஆய்வும் ஒன்று. சிறுவர்களுக்கான கோடைக்கால இசை முகாமுக்குப் போய், தன் வயதில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாத பிள்ளைகளோடு சேர்ந்து வாசித்தார். அந்த அனுபவத்தையும் அதன் பின்னால் இருக்கும் அறிவியலையும் 2012இல் ஒரு புத்தகமாக எழுதினார்.

அவர் மேடைகளை அதிரவைக்கும் கலைஞர் ஆகிவிடவில்லை. ஆனால் வாசிக்கக் கற்றுக்கொண்டார்.

பெரியவர்கள் பாதியில் விட்டுவிடக் காரணம் மூளை மட்டும்தானா? யோசித்துப் பாருங்கள். ஒரு சிறுவன் ஒரே வரியை நாற்பது முறை தப்பாக வாசித்தாலும் யாரும் சிரிப்பதில்லை, அவனுக்கும் வெட்கமில்லை. பெரியவரோ வேலை முடிந்து களைத்து வருகிறார். அரை மணி நேரம் கிடைப்பதே அரிது. நான்கு முறை தப்பினாலே அக்கம்பக்கத்தில் கேட்குமோ என்று கூச்சம். அதோடு முதல் வாரத்திலேயே முழுப்பாட்டை வாசித்துவிட ஆசை. 23 பாகையை ஒரே நாளில் தாண்டப் பார்க்கிறார்.

ஆகவே அப்பாவுக்கு ஏற்ற வழி, சிறு படிகள்தான். இந்த வாரம் இரண்டே கார்டுகள். தாளத்தை மிக மெதுவாக வைத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் பயிற்சி. அடுத்த வாரம் மூன்றாவது கார்ட். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட, தினமும் 15 நிமிடம் மேல். கூடவே அவருக்குப் பிடித்த எளிய பாட்டு ஒன்று. வெறும் பயிற்சியை மட்டும் செய்வது, செத்த எலியைத் தின்னும் கூகையைப் போலத்தான்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

பயிற்சி முடிந்து தூங்கும்போதும் மூளை வேலை செய்கிறதா? 2002இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரியில் மேத்யூ வாக்கர் குழுவினர் செய்த சோதனையை வீட்டிலேயே எளிய முறையில் செய்யலாம். கடிகாரமும் தாளும் போதும்.

1. உங்களுக்குப் பழக்கமில்லாத கையை மேசைமேல் வையுங்கள். சுண்டு விரல் 1, மோதிர விரல் 2, நடுவிரல் 3, ஆள்காட்டி விரல் 4.

2. 4-1-3-2-4 என்ற வரிசையில் விரல்களால் மேசையைத் தட்டுங்கள். 30 வினாடி தட்டல், 30 வினாடி ஓய்வு. இப்படி 12 சுற்று.

3. கடைசிச் சுற்றில் எத்தனை வரிசைகளைப் பிழையின்றி முடித்தீர்கள் என்று வேறொருவர் எண்ணிக் குறிக்கட்டும்.

4. வீட்டில் பாதிப் பேர் இதை இரவில் செய்து, தூங்கி எழுந்து காலையில் மீண்டும் சோதிக்கட்டும். மீதிப் பேர் காலையில் செய்து, பகலில் தூங்காமல் அன்று இரவே மீண்டும் சோதிக்கட்டும்.

வாக்கரின் சோதனையில், இடையில் தூங்கியவர்களின் வேகம் சுமார் 20 விழுக்காடு உயர்ந்தது. அதே 12 மணி நேரம் விழித்திருந்தவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. இதில் தூக்கத்தின் பங்கு எவ்வளவு, களைப்பு நீங்கியதன் பங்கு எவ்வளவு என்று ஆய்வாளர்கள் இன்னமும் விவாதிக்கிறார்கள். உங்கள் வீட்டில் கிடைக்கும் முடிவு வேறாகவும் இருக்கலாம். நான்கைந்து பேரை வைத்து முடிவு கட்ட முடியாது என்பதையும் அறிக்கையில் எழுதுங்கள். ஆனால் அப்பாவையும் பாட்டியையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கும் ஒரு கேள்வி

இது அப்பாவைப் பற்றிய கட்டுரை என்று நினைத்தீர்களா? படிவம் இரண்டிலோ மூன்றிலோ படிக்கும்போதே “எனக்குக் கணக்கு வராது”, “எனக்கு வரையத் தெரியாது” என்று சொல்லும் மாணவர்கள் எத்தனை பேர்! 14 வயதில் கதவைச் சாத்திக்கொள்வது மூளை அல்ல, நாம்தான். வராது என்று நீங்கள் முடிவு செய்த பாடத்தை எப்படிப் படித்தீர்கள்? தேர்வுக்கு முந்தைய இரவு, 23 பாகையை ஒரே தாவலிலா? அல்லது தினமும் 15 நிமிடமா?

பாட்டியின் பழமொழியைத் தூக்கி எறிய வேண்டாம். ஐந்தில் வளைவது எளிது, அது உண்மை. ஐம்பதிலும் வளையும், மெல்ல மெல்ல வளைத்தால். ஆனால் நடுவில் விட்டுவிட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும்.

ஆகவே இன்றிரவு கூடத்திலிருந்து ‘சி’ கார்டும் ‘ஜி’ கார்டும் மாறி மாறி, தாளம் தப்பித் தப்பிக் கேட்டால், கதவைச் சாத்தாதீர்கள், சிரிக்கவும் வேண்டாம். அடுத்த வாரம் போய் உட்கார்ந்து, ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற எத்தனை வினாடி ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அந்த எண் குறைவதை அப்பாவுக்கு முன்பே நீங்கள் கவனித்துவிடுவீர்கள்.