இரண்டு இருந்தும் ஏன் நிற்கிறது?



"ஒன்றுக்கு இரண்டாக சர்வர் வாங்கிக் கொடுத்தோமே, பின் ஏன் பதிவுச்சீட்டு கவுண்டர் நின்றுபோகிறது?" என்று மருத்துவமனைகளுக்குக் கொடுப்பவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். காணிக்கைப் பணமல்லவா!

நெய்வேலிக்காரருக்கு இதை விளக்குவது எளிது. பழுப்பு நிலக்கரிக்கு அடியிலுள்ள நீர் மிகுந்த அழுத்தத்தோடு மேலே தள்ளுவதால், சுரங்கத்தில் இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். எத்தனை பம்ப் வைத்தாலும் எல்லாவற்றுக்கும் ஒரே மின்கம்பி என்றால், கம்பி போனால் எல்லாம் போயிற்று.

சேர்ந்து இயங்கும் சர்வர்கள், உயிரோடிருப்பதாக ஒன்றுக்கொன்று ஓயாமல் செய்தி அனுப்பிக்கொள்கின்றன. பொறியாளர்கள் இதற்கு 'ஹார்ட்பீட்', அதாவது இதயத்துடிப்பு என்றே பெயரிட்டிருக்கிறார்கள். துடிப்பு நின்றால் மற்றது பொறுப்பேற்கும். ஆனால் அறுந்தது நடுவிலுள்ள கேபிள் மட்டும் என்றால்? இரண்டும் நலமாயிருக்கும், ஒவ்வொன்றும் மற்றது மாண்டதென்று எண்ணும். இரண்டும் ஒரே நோயாளியின் பதிவேட்டில் தனித்தனியே எழுதத் தொடங்கினால், மருந்தின் அளவே மாறிப்போகலாம். அதைத் தடுக்க மூன்றாவதாக ஒரு சாட்சியை வைக்கிறார்கள். பெரும்பான்மை கிடைக்காத சர்வர் தானே ஒதுங்கிவிடும். சபைக் கமிட்டியில் குவோரம் இல்லாவிட்டால் கூட்டத்தை ஒத்திவைக்கிறோமே, அதே விதி, பெயரும் அதுவே. ஆகையால் எந்தச் சர்வரும் பழுதாகாமலே சேவை நிற்பதுண்டு.

பெரிய இடங்களும் இதற்குத் தப்பவில்லை. 2021 பிப்ரவரி 24 அன்று மும்பை தேசிய பங்குச் சந்தையில் வர்த்தகம் காலை 11.40 மணிக்கு நின்று, மாலை 3.45க்குத்தான் தொடங்கியது. இரண்டு நிறுவனங்களிடமிருந்து தொலைத்தொடர்பு இணைப்புகள் வாங்கியிருந்தார்கள். சாலையில் நடந்த தோண்டும் வேலைகளால் அவை பாதிக்கப்பட்டன. அதன்பின் தகவல்களைச் சேமிக்கும் பொது அமைப்பு எதிர்பாராத விதமாக நடந்துகொண்டதால், இடர்களைக் கண்காணிக்கும் அமைப்பு செயலிழந்தது. வர்த்தகக் கம்ப்யூட்டர்களோ நன்றாகவே இருந்தன!

உடனே அணைத்துப் போடுவதுதான் நம் எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். சேவை திரும்பிவிடும், தடயம் அழிந்துவிடலாம். முதலில் இரண்டு சர்வர்களின் பதிவுக் குறிப்புகளையும் பத்திரப்படுத்தி, நின்ற நேரத்திற்குச் சில நிமிடங்கள் முன்பிருந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். இரண்டின் கடிகாரமும் ஒத்திராவிட்டால், எது முந்தி விழுந்தது என்றே தெரியாது. இயந்திரத்தைவிட, இரண்டும் பகிர்ந்துகொள்வதையே அதிகமாகச் சந்தேகிக்க வேண்டும்: கேபிள், ஸ்விட்ச், யு.பி.எஸ்., சேமிப்பு டிஸ்க்.

இனி எவராவது இரண்டாவது சர்வருக்கு உதவி கேட்டால், யு.பி.எஸ்ஸும் ஸ்விட்சும் தனித்தனியா, கேபிளைக் கழற்றிக் கடைசியாகச் சோதித்தது எந்தத் தேதி என்று கேளுங்கள்.