ஒரே குண்டில் எரிந்த அகாகி

1920 டிசம்பரில் குரே கப்பல்தளத்தில் அகாகியின் வேலை தொடங்கியபோது, அதை விமானந்தாங்கியாகக் கட்டும் எண்ணம் ஜப்பானியக் கடற்படைக்கு இல்லை. பெரும் பீரங்கிகளைச் சுமந்து விரைந்தோடும் போர்க்கப்பலாகவே திட்டமிட்டிருந்தார்கள். 1922இன் வாஷிங்டன் ஒப்பந்தம் அத்தகைய கப்பல்களுக்கு வரம்பு விதித்தது. பாதி கட்டியவற்றை விமானந்தாங்கியாக மாற்றிக்கொள்ளவும் இடம் தந்தது. அப்படி மாறிய அகாகி, 1927 மார்ச்சில் கடற்படையில் சேர்ந்தது.

அப்போது அதற்கு அடுக்கடுக்காக மூன்று ஓடுதளங்கள். போதாதென்று 20 செ.மீ. பீரங்கிகள் பத்து. விமானங்கள் கனத்துப்போனதும் கீழ்த்தளங்கள் பயனற்றுப்போயின. 1938 வரை மூன்றாண்டுகள் சாசெபோவில் பிரித்துக் கட்டி, ஏறத்தாழ 250 மீட்டர் நீளத்தில் ஒரே தளமாக்கினார்கள். கட்டளை மேடை இடப்பக்கம் அமைந்தது. மற்ற விமானந்தாங்கிகளில் அது பெரும்பாலும் வலப்பக்கம்தான் இருக்கும்.

இந்தப் புதுமைகளைவிட முக்கியமானது, ஓடுதளத்துக்குக் கீழே இருந்த விமானக் கூடம். நாற்புறமும் சுவர் எழுப்பி, பெட்டிபோல மூடியிருந்தார்கள். மழையும் உப்புக் காற்றும் விமானங்களை அண்டாது என்பது உண்மை. ஆனால் பெட்ரோல் நிரப்புவதும் டார்பிடோ மாட்டுவதும் பெரும்பாலும் அந்த அடைப்புக்குள்தான் நடந்தன. அமெரிக்கக் கப்பல்களின் கூடங்களில் பக்கவாட்டுக் கதவுகளைத் திறந்துவிடலாம். ஆவி வெளியேறும், வெடிப்பின் வேகமும் வெளியே போகும். தீப்பிடித்த பொருளைக் கடலில் தள்ளிவிடவும் வழியுண்டு.

பசிபிக் போரின் முதல் ஆறு மாதம் இந்தக் குறை வெளித்தெரியவில்லை. அட்மிரல் நகுமோவின் தலைமைக் கப்பலாக அகாகி பேர்ல் ஹார்பரைத் தாக்கியது, டார்வினைத் தாக்கியது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறன்று அதன் அணி கொழும்பின் மீது குண்டு வீசியது. 9ஆம் தேதி திருகோணமலை. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மீஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கியை அந்த அணியின் விமானங்கள் மூழ்கடித்தன. அன்றைக்கே இலங்கையிலிருந்து பறந்துவந்த ஒன்பது பிளென்ஹைம் விமானங்கள் யாரும் கவனிக்காத நேரத்தில் அகாகியின் மேலே வந்து குண்டுகளை வீசின. எல்லாம் பக்கத்துக் கடலில் விழுந்தன. அந்த எச்சரிக்கையை ஜப்பானியர்கள் உரிய கனத்தோடு எடுத்துக்கொள்ளவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

ஜூன் 4 காலை, அமெரிக்கர் வசமிருந்த மிட்வே தீவுக்கு அருகே. டார்பிடோவைக் கழற்றி நிலத்தைத் தாக்கும் குண்டை மாட்டச் சொன்னார் நகுமோ; அமெரிக்கக் கப்பல்கள் தென்பட்டதும் மறுபடி டார்பிடோவுக்கே மாற்றச் சொன்னார். கழற்றிய குண்டுகளைக் கிடங்குக்கு இறக்க நேரமில்லை; கூடத்திலேயே கிடந்தன. பத்தரை மணியை ஒட்டி எண்டர்பிரைஸ் என்ற அமெரிக்க விமானந்தாங்கியின் மூன்று டைவ் பாம்பர்கள் செங்குத்தாகப் பாய்ந்தன. நேராகப் பட்டது ஒரே குண்டு. நடு மின்தூக்கியின் ஓரத்தில் துளைத்து, மேல் கூடத்தில் வெடித்தது. மற்றதையெல்லாம் அங்கிருந்த பெட்ரோலும் டார்பிடோக்களுமே செய்து முடித்தன. மறுநாள் விடியுமுன் ஜப்பானிய நாசகாரிகளே டார்பிடோ எய்து அகாகியை மூழ்கடித்தன. இறந்தவர்கள் 267 பேர்.

1944 மார்ச்சில் வந்த தைஹோ என்ற ஜப்பானிய விமானந்தாங்கியின் ஓடுதளத்துக்குக் கவசத் தகடு போட்டார்கள். கூடத்தை மட்டும் அடைத்தே கட்டினார்கள். ஜூன் 19 அன்று ஒரு டார்பிடோ பட்டு எரிபொருள் தொட்டி கசிந்தது. ஆவி கப்பலெங்கும் பரவி, ஆறு மணி நேரத்துக்குப் பிறகு வெடித்தது. அன்றே தைஹோ மூழ்கியது.